கத்தரிக்கோல் பதில்கள்: துரை வீட்டுக் கோட்டும் தோட்டத்துக் கம்பளியும்

(ஊட்டியில் ஐம்பது வருடத்துக்கு மேல் கோட்டு தைத்த தையற்காரர், வாசகர்களின் துணிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. மார்கழி இதழ் என்பதால் இந்த முறை எல்லாமே கம்பளிக் கேள்விகள்.)

எங்கள் தாத்தா விட்டுப்போன நீல நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. உள்ளே ‘ஒயிட்அவே லெய்ட்லா, மெட்ராஸ்’ என்று பட்டுத் துண்டில் நெய்திருக்கிறது. மெட்ராஸ் வெயிலில் கம்பளிக் கோட்டு விற்றார்களா? அந்தக் கடை எங்கே இருந்தது? – குன்னூர் வாசகி

விற்றார்கள் அம்மா, நன்றாகவே விற்றார்கள். மவுண்ட் ரோட்டில், அதாவது இப்போதைய அண்ணா சாலையில், விக்டரி ஹவுஸ் என்று ஒரு கட்டடம் உண்டு. விஜிபி என்று சொன்னால் சென்னைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுதான் அந்தக் கடை. தலைமைக் கடை கல்கத்தாவில். ராபர்ட் லெய்ட்லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1882-ல் தொடங்கினார். பிறகு சென்னை, பம்பாய், சிம்லா, கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஷாங்காய் என்று ஊருக்கு ஊர் கிளை. மற்ற வெள்ளைக்காரக் கடைகளில் துரைமார்கள் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொருளை எடுத்துப் போவார்கள், பணம் மெதுவாக வரும். இங்கே அந்தக் கதையே கிடையாது, ரொக்கம் மட்டும். அதனால் துரைமார்களே கடைப் பெயரைக் கொஞ்சம் திருகி, ‘ரைட்அவே அண்ட் பெய்ட்ஃபார்’ என்று கேலி பேசினார்கள். கையோடு எடு, கையோடு காசை வை.

இன்னொரு வேடிக்கை. சுதேசமித்திரன் பத்திரிகை தொடங்கியதும் அதே 1882-ல்தான். சீமைத் துணி விற்ற அந்தக் கட்டடத்துக்கே பின்னாளில் சுதேசமித்திரன் குடிவந்தது.

சரி, யார் வாங்கினார்கள்? முதல் கூட்டம், லீவில் ஊருக்குக் கப்பலேறுகிறவர்கள். ஏடன் வரைக்கும் மெல்லிய துணி போதும், சூயஸ் கால்வாயைத் தாண்டினால் காற்று மாறிவிடும். ஐந்தாறு வருடம் மெட்ராஸில் வெந்தவர்களுக்கு லண்டனில் இறங்கப் போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. பெட்டிகளில் ‘பயணத்தில் தேவை’, ‘பயணத்தில் தேவையில்லை’ என்று இரண்டு விதச் சீட்டு ஒட்டுவார்கள். கம்பளிப் பெட்டியில் தேவை என்ற சீட்டுத்தான் இருக்கும்.

இரண்டாவது கூட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. 1870 முதல் மெட்ராஸ் சர்க்கார் கோடைக்கு ஊட்டியில்தான். கவர்னர் மட்டும் வந்தால் போதுமா? ஃபைல் வர வேண்டும், ஃபைலைப் புரட்டுகிற குமாஸ்தாவும் வர வேண்டும். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். அதுவரை மேட்டுப்பாளையத்திலிருந்து குதிரை வண்டிதான். மயிலாப்பூரில் மல் துணியோடு இருந்தவர் திடீரென்று ஏழாயிரம் அடி உயரத்தில் நிற்கிறார். கோட்டையில் வேலை பார்த்தவருக்குக் கோட்டு இல்லாமல் முடியாது. மூன்றாவது வழி ஏலம். துரை ஊரைக் காலி செய்யும்போது வீட்டுச் சாமானை ஏலம் விடுவார். நாற்காலி ஒருவருக்கு, பியானோ ஒருவருக்கு, கோட்டு பட்லருக்கு. உங்கள் தாத்தா இந்த மூன்றில் எந்த வரிசை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கோட்டைக் கையில் எடுத்து இரண்டு இடம் பாருங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம். மேல்துணியையும் லைனிங்கையும் தனித்தனியே கிள்ளிப் பிடித்துக்கொண்டு நடுவில் தடவினால் மூன்றாவதாக ஒரு துணி நழுவும். குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸ் அது. கசக்கி விட்டால் எழுந்து நிற்கும். இன்றைய கோட்டில் அதற்குப் பதில் பசைத் துணியை இஸ்திரி போட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

அடுத்து காஜாவை, அதாவது பொத்தான் நுழையும் துளையைப் பாருங்கள். மிஷின் காஜா என்றால் தையல் ஒரே சீராக, தட்டையாக இருக்கும். கை காஜாவில் ஓரம் முழுக்க மணி கோத்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சு நிற்கும். பூதக்கண்ணாடி இருந்தால் முடிச்சுகளை எண்ணக்கூடச் செய்யலாம், ஒன்றிரண்டு கோணலாக இருக்கும். துணி சீமையில் நெய்ததாக இருக்கலாம், பெயர்த் துண்டு ஸ்காட்லாந்துக்காரருடையதாக இருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட பெரிய கடைகளின் பின்கட்டில் உட்கார்ந்து தைத்தவர்கள் நம் ஆட்கள். முடிச்சு கோணலாக இருந்தால் ஏதோ ஒரு காஜாப் பையனுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கிறது. நானும் 1961-ல் அப்படிப்பட்ட காஜாப் பையன்தான்.

சர்ஜ், ட்வீட், பிளானல் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்களே, எல்லாம் கம்பளிதானே? – ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளி மாணவர்

இட்லியும் தோசையும் ஒரே மாவுதான் தம்பி. அதற்காக ஒன்றாகிவிடுமா?

துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மயிர் இழைகள் வாரிவிட்ட தலை மாதிரி ஒரே திசையில் கிடந்தால் வர்ஸ்டெட். நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றால் வுல்லன். சீப்பால் வாரி, குட்டை இழையை எல்லாம் கழித்துவிட்டு நூற்பது முதல் வகை. இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கத்தில் வர்ஸ்டெட் என்று ஒரு கிராமமே இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. சாய்கோடு விழ நெய்த சர்ஜ் பெரும்பாலும் இந்த வகை. ட்வீட் இரண்டாவது வகை. பிளானல் நெய்த பிறகு மேலே பூ, அதாவது மெத்தென்ற மயிர், எழுப்பியது. சர்ஜுக்கு ஒரு வியாதி உண்டு. உட்காரும் இடத்திலும் முழங்கையிலும் நாளடைவில் பளபளத்துவிடும். பழைய குமாஸ்தா எத்தனை வருடம் நாற்காலி தேய்த்தார் என்பதை அவர் பின்பக்கம் சொல்லிவிடும்.

எடையும் முக்கியம். அந்தக் காலத்துக் கோட்டுத் துணி கெஜத்துக்குப் பதினாறு, பதினெட்டு அவுன்ஸ். இன்று நீங்கள் கடையில் தொடுவது எட்டு, ஒன்பது. மெரினோ ஆட்டு மயிர் நூலைப் பழைய சரக்குப் பட்டியலில் ‘பாட்டனி’ என்று போட்டிருப்பார்கள். செடிகொடிப் படிப்பு இல்லை, ஆஸ்திரேலியாவின் பாட்டனி பே. அங்கே ஆட்டைக் கத்தரித்து, யார்க்ஷயரில் நெய்து, மெட்ராஸில் விற்று, ஊட்டியில் போட்டார்கள்.

சீமையிலிருந்து வந்த கம்பளி வழியில் கெட்டுப்போகாதா? கடையில் அதை எப்படி வைத்திருந்தார்கள்? – கோயமுத்தூர் வாசகர்

இதற்கு என் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். அவர் பதினாலு வயதில், 1926-ல், ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரத் துணிக்கடையில் சேர்ந்தார். கடைப் பெயர் வேண்டாம், அவர் அங்கே பட்டதும் இருக்கிறது. பொடிப் பையனாகச் சேர்ந்து, துணி வெட்டும் கட்டர் வரைக்கும் வந்தவர்.

மரப்பெட்டிக்குள் தகரப்பெட்டி, தகரத்தின் மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். கடல் ஈரம் உள்ளே போகக் கூடாதே. சீசனுக்கு முன்னால், மாசி மாதம் சரக்கு வரும். கடைக்காரர் பஜாரிலிருந்து ஒரு தகரவேலை ஆளைக் கூப்பிடுவார். அவர் உளியை வைத்து ஓரமாகத் தட்டிக்கொண்டே வருவார், நாலாவது மூலை விட்டதும் மூடி ‘டப்’பென்று எழும்பும். அப்போது ஒரு வாசனை வரும் என்பார் அப்பா. ஆட்டு வாசனை, எண்ணெய் வாசனை, அதோடு அந்துருண்டை. சாகும்வரை அந்துருண்டை வாசனை வந்தால் “சரக்கு பிரிச்சாச்சா?” என்று கேட்பார்.

துணியை மேஜையில் விரித்து அளப்பார்கள். மேஜை விளிம்பிலேயே பித்தளைக் கெஜக்கோல் பதித்திருக்கும், முப்பத்தாறு அங்குலம். பருத்தி என்றால் அப்பாவுக்குக் கிழித்துக் கொடுக்க அனுமதி, கம்பளி என்றால் கத்தரிக்கோல் பெரியவர் கையில்தான். வெட்டுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. ஈரத் துணியைக் கம்பளியோடு சேர்த்துச் சுருட்டி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் இழுக்காமல், வெயில் காட்டாமல் நிழலில் உலர்த்த வேண்டும். சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். துணி ஓரத்தில் ‘லண்டன் ஷ்ரங்க்’ என்று அச்சு இருந்தாலும் அப்பா நம்ப மாட்டார். “லண்டன்ல சுருங்கினது லண்டன் மழைக்கு. ஊட்டி மழைக்கு இன்னொரு வாட்டி சுருங்கட்டும்.”

இதைக் கேட்காமல் நான் ஒரு தடவை மாட்டினேன். கல்யாணக் கோட்டு, அவசரம், நனைக்காமல் வெட்டிவிட்டேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் மழை. மறுநாள் கோட்டின் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை. இரண்டாவது கோட்டு என் செலவு.

விலையில் பேரம் கிடையாது, சீட்டில் எழுதியதுதான். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற காலத்தில் பதினாலு அணா, பதினைந்து அணா என்று முடியும் விலைகளாகவே போடுவார்கள். இன்றைய 999 ரூபாய்க்கு அதுதான் தாத்தா. சீமையில் இன்னும் மோசம். காற்பென்னி சில்லறை தருவதற்குப் பதிலாக ஒரு அட்டைக் குண்டூசியை நீட்டிவிடுவார்களாம் அங்குள்ள துணிக்கடைகளில்.

பழைய கடை விளம்பரம் ஒன்றில் ‘காலரா பெல்ட்’ என்று பார்த்தேன். அச்சுப் பிழையா? – திருச்சி வாசகர்

பிழை அச்சில் இல்லை, வைத்தியத்தில். வயிற்றில் சில்லிப்பு ஏறினால் காலரா வரும் என்று நம்பினார்கள். அதனால் பிளானலிலோ பின்னிய கம்பளியிலோ ஒரு பட்டையை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்ட. சிப்பாய்க்கும் உண்டு, துரைக்கும் உண்டு, துரைசானி குழந்தைக்கும் உண்டு. சித்திரை வெயிலில் இதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தடுத்தது எதையோ, வேர்க்குரு நிச்சயம்.

இதில் எனக்கு ஆறாத ஆச்சரியம் ஒன்று. லண்டனில் ஜான் ஸ்னோ 1854-லேயே, வியாதி தண்ணீர்க் குழாயிலிருந்து வருகிறது என்று காட்டிவிட்டார். 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து குளத்துத் தண்ணீரில் அந்தக் கிருமியைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகும் பல பத்து வருடம் அந்தப் பட்டை விற்றது. கோக் குளத்தைச் சோதித்த அதே ஊரில் கடைக்காரர் பட்டையை அடுக்கி வைத்திருந்தார். வாங்குகிறவர் இருந்தால் கடைக்காரர் ஏன் நிறுத்தப் போகிறார்?

அந்நியத் துணிப் பகிஷ்காரத்தில் கம்பளியும் எரிந்ததா? – மதுரை வாசகர், வயது 81

குறி லங்காஷயர் பருத்தித் துணி மேல்தான் ஐயா. 1921 ஜூலையில் பம்பாயில் காந்தி தீ வைத்த குவியலில் எல்லாமே போனது, கோட்டு தொப்பி உட்பட. அந்த வருடம் செப்டம்பரில் உங்கள் ஊரில்தான் அவர் சட்டையையும் விட்டார். ஆனால் கம்பளியில் ஒரு சிக்கல். கான்பூரில் 1876 முதல் ஆலை இருந்தது, ‘லால் இம்லி’ என்று பேர் போனது. பஞ்சாபில் தாரிவால் ஆலை. நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் 1884-ல் ஆரம்பித்த ஆலை, பின்னி நிர்வாகத்துக்குப் போனது. ‘பின்னி கம்பளி’ என்று நம் வீடுகளில் சொன்னோமே, அதுதான். நெய்வது இந்த மண்ணில், முதலாளி வெள்ளைக்காரர். இது சுதேசியா விதேசியா? அப்பா இதற்கெல்லாம் போகவில்லை. பகலில் சீமை ட்வீட் வெட்டுவார், ராத்திரி போர்த்திக்கொள்வது கறுப்புக் கம்பளி.

என் அப்பா ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். ‘கம்பளிக் காசு’ பிடித்ததைப் பற்றிச் சொல்வார். சீமைக் கம்பளியா அது? – இலங்கை மலையகத்திலிருந்து ஒரு வாசகி

இல்லை அம்மா. துரை போட்ட கம்பளி யார்க்ஷயரிலிருந்து வந்தது. உங்கள் தாத்தா போர்த்தியது நம் பக்கத்துக் குறும்பர்கள் ஆட்டு மயிரைத் திரித்து நெய்த கறுப்புக் கம்பளி வகை. சொரசொரவென்று கழுத்தை அறுக்கும். ஆனால் மழை சட்டென்று உள்ளே இறங்காது. அந்த மயிரில் இருக்கும் கொழுப்பைச் சீமை ஆலையில் சோப்புப் போட்டுக் கழுவித் தள்ளிவிடுவார்கள், நம் ஆட்கள் அவ்வளவு கழுவ மாட்டார்கள். துரைமார் கணக்குப் புத்தகத்தில் இதை ‘கம்ப்ளி’ என்றே எழுதினார்கள். அரிசி மாதிரி இதையும் ஆள் பெயரில் பற்று எழுதி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கொடுத்த கம்பளி இலவசம் இல்லை. உங்கள் அப்பா சொன்னது அதுதான்.

நீலகிரித் தோட்டங்களிலும் இதே கதை. கம்பளியை ஒரு மூலை மடித்துத் தலையில் கூடு மாதிரி கவிழ்த்துக்கொண்டு, முதுகில் தொங்கவிட்டால் கொங்காணி. கை இரண்டும் கொழுந்து பறிக்கச் சும்மா இருக்கும். ஐம்பது வருடமாகக் கோட்டு வெட்டுகிறேன், கத்தரிக்கோலே படாத இதைவிடச் சரியான மழை உடுப்பை நான் வெட்டியதில்லை. கோட்டு, ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்கு. வேட்டிக்கு மேல் கோட்டு, தலையில் பாகை. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டு பெரும்பாலும் இன்னொருவர் உடம்புக்குத் தைத்ததாக இருக்கும், தோள் தொங்கும். என் அப்பாவிடம் அப்படித் தோள் இறக்கிக் கொடுக்கச் சொல்லி வருபவர்கள் தோட்டத்திலிருந்துதான் அதிகம்.

பழைய கம்பளிச் சால்வையில் அந்துப்பூச்சி ஓட்டை போட்டிருக்கிறது. காப்பாற்ற முடியுமா? – சேலம் வாசகி

முடியும். பறக்கிற பூச்சியைத் துரத்தி அடிக்காதீர்கள். தின்பது அதன் புழு. புழுவுக்கு வெறும் கம்பளியைவிட வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட கம்பளி ருசி. அதனால் அழுக்கோடு மடித்து வைக்காதீர்கள். வெயிலில் உதறி, மடிப்புகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரீஸரில் ஒரு வாரம் வையுங்கள். (வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.) அந்துருண்டையைத் துணியில் படும்படி போடாமல் ஒரு துண்டுத் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல்.

ஓட்டைக்கு டார்னிங், அதாவது ஊசியால் இழை ஓட்டி அடைப்பது. கடையில் கேட்டால் அதே நிறத்தில் ஒரு நூல் தருவார்கள், வாங்காதீர்கள். சால்வையின் குஞ்சத்திலிருந்தே இரண்டு இழை உருவிக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் வெளுத்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. கழுவுவதென்றால் குளிர்ந்த தண்ணீர். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சால்வை கைக்குட்டை ஆகும்.

‘மங்கி கேப்’ நம் கண்டுபிடிப்பா? – பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, ‘அப்பாவைத் திருத்த முடியவில்லை’ என்ற குறிப்போடு

கிரைமியாவில் 1854-ல் பாலக்லாவா என்ற இடத்தில் சண்டை. குளிரில் நடுங்கிய சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலிருந்து பெண்கள் பின்னி அனுப்பிய குல்லா, அந்த ஊர்ப் பெயரிலேயே நின்றுவிட்டது. அதே சண்டையில் குதிரைப்படையை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயர்தான் நீங்கள் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போகிற கார்டிகனுக்கு. ஆக அப்பாவும் மகளும் ஒரே போர்க்களத்திலிருந்துதான் உடுத்துகிறீர்கள், அவரை விட்டுவிடுங்கள்.

இதை எழுதும்போது காலை ஆறரை, வெளியே புல்லில் வெள்ளையாக உறைபனி. என் தலையிலும் அதே குல்லாதான். காது மூடியிருந்ததில் வீட்டில் இரண்டு தடவை கூப்பிட்டது கேட்கவில்லையாம், காபி ஆறிவிட்டது.